ஒரே முகப்பில் ஆசாரியும் கொத்தனாரும்

நாட்டரசன்கோட்டையில் ஒரு செட்டியார் வீட்டுக் கட்டடத்தில் நான் மேஸ்திரியாகப் பொறுப்பேற்ற முதல் மாதமே, கொத்தனார்களும் ஆசாரிகளும் ஒரே காலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். தை மாதம் அந்த வீட்டில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். அவர் ரங்கூனில் கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. முகப்பு முடியாவிட்டால் முதலில் போவது என் வேலைதான். எனக்கு வயது இருபத்தாறு. மனைவி மாசமாக இருந்தாள்.

தகராறு இதுதான். முகப்புச் சுவருக்குக் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து, மெல்லிசாகப் பூசி, ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் முகம் பார்க்கிற பளபளப்பு வரும். அதே முகப்பில் ஆசாரிகள் பர்மா தேக்குத் தூண்களுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தூள் பறந்து ஈரச் சுவரில் ஒட்டியது. சுண்ணாம்பு தெறித்துத் தூணில் கறை விழுந்தது.

சமாதானம் பண்ணப் புறப்பட்டேன். எடுத்த எடுப்பிலேயே கோளாறு. கொத்தனார்களுக்குத் தலைவரான கருப்பையாவிடம் போய், "ஆசாரி ரொம்ப வருத்தப்படுறாரு" என்றேன். ஆசாரிகளுக்குத் தலைவரான சுப்பையாவிடம் போய், "கொத்தனாரு ஒங்க வேலைய மெச்சுறாரு" என்றேன். இருவருமே அப்படி எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் கிணற்றடியில் என் கண்ணெதிரே இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"வருத்தப்பட்டீகளாமே, வந்து செவத்தச் சுரண்டிக் குடுங்க" என்றார் கொத்தனார்.

"யாரு வருத்தப்பட்டா?" என்று எகிறினார் ஆசாரி. என் குட்டு உடைந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, நீங்க அங்குட்டும் இங்குட்டும் நடந்தது போதும், செருப்புத் தேயுது" என்றார்.

வேறு வழியில்லாமல் இரண்டு கூட்டத்தையும் முகப்பிலேயே எதிரெதிராக உட்காரவைத்தேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு எனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

கொத்தனார் ஆசாரியின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். "தடவிப் பாருங்க. எட்டுப் பேரு மூணு நாளாத் தேச்சது. சொரசொரன்னு இருக்கா? இத முழுக்கச் சுரண்டணும்."

ஆசாரி இரண்டு தரம் தடவினார். பிறகு கொத்தனாரைத் தூணருகே அழைத்துப் போனார். "இந்தப் பூவச் செதுக்க என் மகனுக்குப் பதினோரு நாளு ஆச்சு. சுண்ணாம்பு பட்ட எடம் கறுத்துக் கெடக்கு பாருங்க."

கொத்தனார் குனிந்து பார்த்தார். "அடப் பாவமே" என்றார். அதோடு பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"உள்ள முத்தத்து வளவுல கதவு வேல கெடக்குதே. அத முன்னாடி பாத்தா என்ன?" என்று கொத்தனாரே கேட்டார்.

"எங்களுக்கும் அதுதான் தோது. முகப்பத்தான் மொதல்ல முடிக்கணும்னு உத்தரவு. ஒங்களுக்கு?"

"எங்களுக்கும் அதே உத்தரவுதான்."

இருவரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி வாசலிலேயே அசந்துபோக வேண்டும் என்ற ஆசையில், இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் போட்டவன் நான்தான். யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் முகப்பே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

ஆசாரிகள் வளவுக்குப் போனார்கள். போகுமுன் நாலு பேர் சுவரைச் சுரண்டக் கை கொடுத்தார்கள். கொத்தனார்கள் தூண்களுக்கெல்லாம் சாக்கு சுற்றிக் கட்டினார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே முகப்பு முடிந்தது.

முதலாளி வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேலைய நிறுத்திப்புட்டீகளாமே, யாரு மேல தப்பு?" என்று கேட்டார்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லங்கய்யா. எது முன்ன, எது பின்னன்னு ஒக்காந்து பேசுனோம். மேஸ்திரிதான் ஒக்கார வச்சாரு" என்றார் கொத்தனார்.

"ஆளு கொஞ்சம் அவசரம். போகப் போகச் சரியாயிருவாரு" என்றார் ஆசாரி, சிரிக்காமல்.

இப்போது மேஸ்திரி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தகராறு வந்தால் தூது போகாதீர்கள். இரு தரப்பையும் நேருக்கு நேர் பேசவிடுங்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் போட்ட உத்தரவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.