பாழுங்கிணற்றில் போன கப்

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்துக் கடைத் தட்டுகளில் பல் துலக்கும் பிரஷ்ஷும் மாதவிடாய்க் கப்பும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. திருச்செங்கோட்டு மெடிக்கல் கடைகளில் நாப்கின் பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வெடிகுண்டைக் கைமாற்றுவதுபோல் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே வந்து எட்டு வருடமாகியும், அந்தத் தட்டின் முன்னால் நிற்கும்போது தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். யார் வரப்போகிறார்கள், நாமக்கல்லிலிருந்து? முதல் தடவை ஒரு கப்பை எடுத்துக்கொண்டு போனபோது கல்லாவில் இருந்த பெண் அதை உயர்த்திப் பிடித்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி ஏதோ கேட்டாள். கடைசியில் 'கெபோரன்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. எங்கே பிறந்தாய் என்கிறாள் என்று நினைத்தேன். இந்த ஊரில் என்னிடம் எல்லோரும் கேட்பது அதைத்தானே. "இந்தியாவில்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என்னுடையதை ஒதுக்கி வைத்து, பெரிய அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் விளங்கிற்று, பிறந்ததற்கும் பெற்றதற்கும் அதே சொல்தான் என்று. குழந்தை பெற்றிருக்கிறாயா என்று கேட்டிருக்கிறாள். இந்தியாவில் பெற்றேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகிப் பதினொரு வருடம், எனக்குக் குழந்தை இல்லை. இன்னொரு தடவை அவள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, அந்தப் பெரிய கப்பையே மூன்று மாதம் கசியக் கசியப் பயன்படுத்தினேன்.

சின்ன அளவுக்கு மாறிய பிறகு சுலபமாகிவிட்டது. விளிம்பை மடித்து உள்ளே வைத்து, அது விரிந்துகொண்டதா என்று அடியை லேசாகத் திருகிப் பார்க்க வேண்டும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல் அடியை அழுத்திக் காற்றை விட வேண்டும். கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம். நாட்கள் முடிந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, துணிப்பையில் போட்டுவைத்தால் அடுத்த மாதத்துக்குத் தயார். இவ்வளவுதான். ஆனால் நானே கண்டுபிடித்தவள்போல் நடந்துகொண்டேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் அங்கெ என்ற ஜெர்மன்காரி, "உங்கள் ஊர்ப் பெண்களுக்கு நீ இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், பாவம் அவர்கள்" என்றாள். 'உங்கள் ஊர்ப் பெண்கள்' என்ற பட்டியலிலிருந்து என்னை அவள் உருவிவிட்டதில் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

போன வருடம் தம்பி புது வீடு கட்டிப் புகுந்தபோது ஊருக்குப் போனேன். தம்பி ரிக் வண்டி வைத்திருக்கிறான். சத்தீஸ்கர் வரைக்கும் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன். வீட்டைச் சுற்றிக் காட்டினான். இத்தாலி மார்பிள், நான்கு மூலையிலும் கேமரா, கையைத் தட்டினால் எரியும் விளக்கு. பின்பக்கம், வீட்டோடு ஒட்டாமல், தனிக் கக்கூஸோடு ஒரு சின்ன அறை இருந்தது. "இது எதுக்குடா?" என்றேன். "ஸ்டோர் ரூம், அக்கா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே ஒரு பாயும் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும் இருந்தன. ஆயிரம் அடிக்குக் கீழே என்ன பாறை என்று அடித்துச் சொல்பவனுக்கு, சொந்த வீட்டுப் பெண்கள் மாதம் மூன்று நாள் படுக்கும் அறையின் பெயர் வாயில் வரவில்லை.

விருந்தாளிகள் போன மூன்றாம் நாள் எனக்கு ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் பூஜை அறையில் நின்று விபூதி பூசிக்கொண்டேன். ஊறுகாய் ஜாடியில் கைவிட்டேன். ஊறுகாய் கெடவில்லை. கப் இருந்ததால் ஒரு சொட்டுக் கறை இல்லை, ஒருவருக்கும் தெரியாது. அதோடு விட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் காலை, சமையலறையில் எல்லோரும் நடமாடும் நேரமாகப் பார்த்து, சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கப்பைக் கொதிக்கப் போட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அம்மணி வேகுது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் ஒன்றுவிடாமல் சொன்னேன். அது என்ன, எங்கே வைப்பது, ஐந்து நாளாக நான் எந்தெந்த இடத்துக்கெல்லாம் போனேன் என்பது வரைக்கும். தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு, "எதுக்குக்கா இதையெல்லாம் பேசிட்டு" என்று முனகியபடி வெளியே போய் வண்டி டயரை உதைத்துப் பார்க்க ஆரம்பித்தான். அம்மா அசையவில்லை.

"இந்தக் கருமத்த உள்ள சொருகிக்கிட்டா, வயித்துல என்ன தங்கும்? இப்பத்தான தெரியுது, உனக்கு ஏன் ஒண்ணும் நிக்க மாட்டீங்குதுன்னு."

பதினொரு வருடமாக ஜெர்மானிய டாக்டர்களும் ஈரோட்டு டாக்டர்களும் சொல்ல முடியாத காரணத்தை அம்மா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் அடுப்பை அணைத்தேன். அம்மா மறுபடி குனிந்து பாத்திரத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏனு கோகிலா, இது நம்ம ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்கற நிப்பிளாட்டவே இல்ல?"

கோகிலா தம்பியின் மனைவி. பி.காம். படித்தவள், முப்பது ஆடு வளர்க்கிறாள், அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மாவைத் தள்ளாத குறையாக முன்னால் வந்தாள். "ச்சீ, அதும் இதும் ஒண்ணுங்களா அத்தை? நவுருங்க, நான் கொண்டுபோய் வீசிட்டு வாரேன்" என்று இடுக்கியால் கப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். பாழுங்கிணற்றில் அது விழுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாத்திரமும் பின்னாலேயே போயிற்று. கையைக் கழுவிக்கொண்டு வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு அருவருப்பு. அடிமை என்று மனதுக்குள் சொன்னேன். இவளுக்கெல்லாம் யார் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

"தலைக்கு ஊத்தற வரைக்கும் ஊட்டுக்குள்ள கால வெக்காத" என்றாள் அம்மா. இரண்டு நாடுகளின் அடையாள அட்டைகளையும் பையில் வைத்திருக்கும் நான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய் அந்த ஸ்டோரில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கோகிலா தட்டோடு வந்தவள், வைத்துவிட்டுப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"நங்கைங்க, எம்மேல கோவமுங்களா?"

"படிச்சவதான நீ? அதைத் தூக்கி வீசறப்போ உனக்குக் கை கூசலையா?"

"எனக்கு மூணு வருசமாச்சுங்க."

"எது?"

"அதுதானுங்க. கப்பு." அவள் ஆட்டுப்பட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "செல்லுல பார்த்து வாங்குனேன். கோடையில தொடையெல்லாம் புண்ணாகி ஆட்டுப் பொறத்தால நடக்க முடியலைங்க. பார்சல் வந்தப்ப அத்தை என்னன்னு கேட்டாங்க. தாயில்லாத குட்டிக்குப் பால் குடுக்கற நிப்பிளுன்னேன். மாசாமாசம் அத்தை கண்ணு முன்னாலதான் வேகவெக்கறேன். ஒருக்கா அவீங்களே தண்ணி காயவெச்சுக் குடுத்தாங்க, குட்டிக்கு எவ்வளவு சுத்தம் பாக்கறா பாருன்னு."

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க அதும் பேரச் சொல்லிட்டீங்க. நிப்பிளாட்ட இருக்குதுன்னு அத்தை சொன்னாங்க பாருங்க, அப்ப எனக்கு உசுரே இல்லீங்க. இன்னொருக்கா உத்துப் பார்த்திருந்தாங்கன்னா என்னோட கப்பும் கெணத்துக்குப் போயிருக்கும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கோகிலா."

"சொன்னா நீங்க நாயம் பேசுவீங்க. பேசிட்டுப் பிளேன் ஏறிருவீங்க. நான் இங்கதான இருக்கோணும்?" கோபமே இல்லாமல்தான் சொன்னாள். எழுந்து போகும்போது திரும்பி, "அப்பறம், போர்த் தண்ணில வேகவெக்காதீங்க, வெள்ளப் படை கட்டிக்கும். கேன் தண்ணி வெக்கோணும். அடியில ஒட்டாம கரண்டி ஒண்ணு போட்டுக்கோங்க" என்றாள்.

தண்ணீரில் இவ்வளவு உப்பிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு வருடம் அயலூர்க் குழாய்த் தண்ணீரில் சமைத்துவிட்டு, என் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதே மறந்துபோய், ஊருக்குப் பாடம் நடத்த வந்திருக்கிறேன். மற்றவர்கள்மேல் நான் வாரி இறைத்த இளக்காரத்தில் பெரும்பங்கு எனக்கே சேர வேண்டியது என்று அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. அதற்காக அம்மாவையும் தம்பியையும் அந்த அறையையும் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஆய்வகத்தில் அங்கெ ஆவலாகக் கேட்டாள். "கற்றுக்கொடுத்தாயா?"

"இல்லை, என் தம்பி மனைவிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்."

"உனக்கு எவ்வளவு தன்னடக்கம்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

புதுக் கப் ஒன்று வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். செல்லைப் பிடித்திருந்தது கோகிலா. அவள் விரல் மட்டும் திரையின் ஓரத்தில் தெரிந்தது. அடுப்பிலிருந்து ஆவி என் முகத்துக்கு முன்னால் எழும்பியது.

"என்ன சாமி வேகுது?" என்றாள் அம்மா.

யாரும் என்னை எந்த அறைக்கும் அனுப்ப முடியாத என் சொந்தச் சமையலறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"முட்டைங்கம்மா" என்றேன்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றேன். திரையின் ஓரத்திலிருந்த விரல் சற்று நகர்ந்து, அம்மாவின் முகத்தைப் பாதி மறைத்தது.