எண்ணெயோடு பஸ் ஸ்டாண்டு வழியாக

எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. ஆற்றில் எத்தனை கன அடி வருகிறது என்றுதான் விசாரிப்பார்கள். கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டால் அருவியில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. அப்புறம் எங்கள் சோற்றுக்கும் தடைதான். பரிசல் ஓட்டுகிறவர், மீன் பொரிக்கிறவள், துண்டும் டிராயரும் விற்கிறவர், என்னைப் போல எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறவன் என்று எல்லாருடைய அடுப்பும் வெளியூர்க்காரர் வந்தால்தான் எரியும். ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பென்னாகரம் தாண்டி அருவி என்றதுமே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பல்ல.

அந்த ஊரில் நான் ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தேன். எனக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. என் தலையில் காதோரத்தைத் தவிர வேறெங்கும் முடி கிடையாது. ஓட்டுக் கேட்டுப் போன தெருவிலெல்லாம், "உனக்குத் தேவைப்படலைன்னு எங்களுக்குக் குடுக்க வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் குத்தியும் விட்டார்கள். என்னை எதிர்த்து நின்றவருக்குத் தலை நிறைய முடி, பாவம், எழுபது ஓட்டில் தோற்றார்.

ஜெயித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் என் கைக்குக் கீழே குப்புறப் படுத்தவர்தான். நேற்று ஆளுங்கட்சி படுத்த அதே பாறையில் இன்றைக்கு எதிர்க்கட்சி படுத்திருக்கும். படுத்தவர் சும்மா இருக்க மாட்டார், பேசுவார். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான்: எண்ணெய் போட்டு உருவும்போது ஆள் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேசினால் அவர் உடம்பு விறைத்துக்கொள்ளும், விறைத்த உடம்பில் கை ஓடாது. ஒருவர் தன் மாமியாரை நாடு கடத்த வேண்டும் என்றார். சரிங்க என்றேன். இன்னொருவர் காவிரியையே வேறு பக்கமாகத் திருப்பிவிடலாம் என்றார். அதற்கும் சரிங்கதான். இருபத்தைந்து வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லி, யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தாலே என் வாய் தானாகச் சரிங்க சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

பஞ்சாயத்துக் கூட்டத்துக்கும் நான் அந்த வாயோடுதான் போனேன்.

எங்கள் பஞ்சாயத்தின் தலைவர் ஒரு பெண்மணி. ஊர் அவரைத் தலைவரம்மா என்று கூப்பிடும். தலைவர் என்று கூப்பிடுவது அவருடைய வீட்டுக்காரரை. கூட்டத்தில் பெரிய நாற்காலியில் அம்மா உட்காருவார், அதற்குப் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிய நாற்காலியில் ஐயா உட்காருவார். தீர்மானங்களை ஐயா படிப்பார், கையெழுத்தை அம்மா போடுவார். நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பேன். முழுசாகச் சாய்ந்து உட்கார எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

அன்றைக்கு ஐயா நீளமாகப் படித்தார். சுற்றுலாவை மேம்படுத்துவது, நவீன வசதி, டைல்ஸ் பதித்த கட்டடம், மின்விசிறி, ஆறு கட்டில்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் தாளத்துக்குச் சரிங்க போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "எண்ணெய் மசாஜ் தொழிலாளர்கள் இனி பஸ் ஸ்டாண்டு பின்புறம் கட்டப்படும் புதுக் கட்டடத்தில் மட்டுமே தொழில் செய்ய வேண்டும், ஆற்றங்கரைப் பாறைகளில் செய்யக் கூடாது" என்று படித்துவிட்டு, "வழிமொழியறது யாரு?" என்றார்.

"சரிங்க" என்றேன்.

கிளார்க் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். ஏகமனதாக நிறைவேறியது. ஆளுக்கொரு சமோசா கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுக்கு முக்கால் கிலோமீட்டர் இறக்கம். எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் எழுந்து நாலு எட்டு வைத்துத் தண்ணீரில் விழ வேண்டும், அதற்குத்தான் பாறையில் வைத்துத் தேய்க்கிறோம். தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய, டிராயரோடு, கடைவீதி முழுக்க நடந்து போய் எவன் குளிப்பான்? எவனும் குளிக்க மாட்டான் என்றால் எவனும் தேய்த்துக்கொள்ளவும் மாட்டான். என்னைச் சேர்த்து நாற்பது குடும்பத்தின் பிழைப்பு அந்தப் பாறைகளில் இருந்தது. அதைப் பிடுங்கும் தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான்.

மறுநாள் ஆற்றங்கரையில் என்னோடு தொழில் செய்கிறவர்கள் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தொழில் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று சொன்னேன். அவர்களும் அதே வாய் உள்ளவர்கள்தானே, பாதிப் பேர் நம்பினார்கள். என் மனைவி நம்பவில்லை. அவள் கரையோரம் மீன் பொரிக்கிறவள், சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"மெம்பராம் மெம்பரு. வூட்டுல ஒரு நாளு எனக்குச் சரின்னு சொல்லியிருக்கியா? காப்பித் தண்ணி வெக்கச் சொன்னாக்கூட முடியாதும்ப. அங்க போயி மட்டும் என்னாத்துக்குச் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுன?"

அவளே பயிற்சியும் கொடுத்தாள். கரண்டியை நீட்டி ஐயா மாதிரி இழுத்து இழுத்து எதையாவது சொல்லுவாள், நான் "முடியாதுங்க" என்று சொல்ல வேண்டும். மூன்று நாளில் நன்றாகப் பழகிவிட்டது. எவ்வளவு நன்றாக என்றால், அடுத்த கூட்டத்தில் ஐயா வாயைத் திறந்து முதல் தீர்மானத்தைப் படித்ததுமே "முடியாதுங்க!" என்று எழுந்து நின்றுவிட்டேன். அது என் வார்டுக்குச் சாக்கடை கட்டும் தீர்மானம். ஒரு வருஷமாக நானே மனு கொடுத்துக் கேட்டது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது, உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் மசாஜ் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தபோது குனிந்து சமோசாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டடம் எழும்பியது. சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ரிப்பனை ஐயா வெட்டினார். உள்ளே பார்த்தார், ஃபேன் சுற்றியது, டைல்ஸ் பளபளத்தது, சந்தோஷம் தாங்கவில்லை. "மொத மசாஜ் எனக்குத்தான், போட்டோ எடுங்கய்யா" என்று வேட்டி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டிராயரோடு கட்டிலில் குப்புறப் படுத்தார். வழிமொழிந்த மெம்பர் கையாலேயே நடக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வஞ்சகம் வைத்துத் தேய்த்தேன் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். இல்லை. வழக்கமாகத் தேய்ப்பது போலத்தான் தேய்த்தேன். நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டேன், திறப்பு விழா ஆயிற்றே. உச்சந்தலையில் தட்டி, கழுத்தைச் சொடுக்கி, முதுகில் இரண்டு கையாலும் தாளம் போட்டு, உள்ளங்கால் வரை ஊறவிட்டு எழுப்பினேன். கண்ணில் எண்ணெய் வழிய, "ஆகா! குளிக்கிற ரூம் எங்கய்யா?" என்றார்.

குளிக்கிற அறை இருந்தது. குழாயும் இருந்தது. திருகினால் ஒரு பல்லி வெளியே வந்தது.

"ஆத்துக்குத்தாங்க போவணும்" என்றேன்.

வேட்டி கட்ட முடியாது, அது கட்சிக் கரை போட்ட புது வேட்டி, எண்ணெய் பட்டால் போச்சு. அவர் காரின் டிரைவர் பின்கதவின் முன்னால் கைகட்டி நின்று, சீட்டு பாழாகிவிடும் என்று பணிவாகச் சொன்னார். ஆட்டோக்காரர் பணிவுகூட இல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். செருப்பைப் போட்டால் கால் ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போனது. கடைசியில் ஐயா வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. தர்மபுரி பஸ், சேலம் பஸ், பெங்களூர் வேன்கள் எல்லாம் வந்து ஜனத்தைக் கொட்டியிருந்தன. சூடு தாங்காமல் ஐயா குதித்துக் குதித்துப் போனார், வயிறு அவருக்குப் பிறகு குதித்தது. வழியில் இருந்த தூசியெல்லாம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. தெரிந்தவர்கள் பழக்கத்தில் எழுந்து கும்பிட்டார்கள், கும்பிட்ட பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு குரங்கு கொஞ்ச தூரம் கூடவே வந்து, வேண்டாம் என்று நின்றுவிட்டது. வேனிலிருந்து இறங்கிய கன்னடக்காரர் ஒருவர் ஐயாவை மேலும் கீழும் பார்த்து, "மசாஜ் எஷ்டு?" என்று விலை கேட்டார். தேய்த்து விடுகிறவர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஐயா வழுக்கி விழாமல் நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மீன் கடைகளிலிருந்து பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள், என் மனைவியும் நின்றாள். எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து முட்டியது. அப்போதுதான் அவர் குனிந்த தலையோடு கேட்டார்.

"இப்பிடி ஆவும்னு உனக்குத் தெரியுமில்ல? அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?"

தொழில் பழக்கம், வாய் தவறிவிட்டது என்றுதான் சொல்ல வந்தேன். ஊர் முழுக்க அதைத்தானே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் வேறு வந்துவிட்டது.

"பயமா இருந்துச்சுங்க" என்றேன்.

சொன்னதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நாற்பது குடும்பம் என்னை நம்பி அனுப்பியிருந்தது, எனக்கு ஒரு நாற்காலியைப் பார்த்துப் பயம். வெட்கமாக இருந்தது. ஆறு வந்ததும் அவர் படியில் உட்கார்ந்து கால் இரண்டையும் தண்ணீரில் விட்டு, ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

உள்ளங்கால் கொப்புளித்து ஐயா பதினைந்து நாள் படுத்துவிட்டார். அதனால் அடுத்த கூட்டத்துக்குத் தலைவரம்மா மட்டும் வந்தார். பக்கத்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொன்னார். நோட்டைப் பிரித்து, மசாஜ் கட்டடத் தீர்மானத்தை ரத்து செய்வது பற்றி என்று தானே தட்டுத் தடுமாறிப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே. அந்தப் பாறையப் பத்தி உங்களுக்குத்தான தெரியும்" என்றார்.

அந்த அறையில் என்னை யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. பாறை, இறக்கம், எண்ணெய், வெயில், நாற்பது குடும்பம் என்று கால்மணி நேரம் பேசினேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பேசியிருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன்.

"எனக்கும் அந்த ரோடு தெரியுந்தாண்ணே" என்றார் அவர். "கல்யாணமாயி வந்ததுலருந்து அதுல நடக்குறேன். அவரு படிச்சப்பவே நெனச்சேன், இது ஆவாதேன்னு. அப்புறம் கையெழுத்துப் போடுற எடத்துல விரல வெச்சுக் காட்டுனாரு, போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வழிமொழியச் சொல்லி நோட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். தலைவரம்மா, "மெதுவாப் படிங்கண்ணே" என்றார்.