ஊசி அக்கா காரை விட்டு இறங்கவில்லை

ஊசி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது தெரியாத சர்வீஸ் சென்டர் ஆட்கள், அன்றைக்கு அவள் மெல்லப் பேசியதைக் கேட்டுவிட்டு அம்மா அடங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். நல்ல நினைப்பு!

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வந்து லேபில் கொடுப்பது அவள் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், மாடி இறங்க முடியாதவர்கள், ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள். எப்பேர்ப்பட்ட கையானாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். ஆள்தான் குட்டை. கட்டில் உயரமாக இருந்தால், "ஒரு முக்காலி குடுங்க, நான் இன்னும் வளர்ந்துட்டிருக்கேன்" என்று கேட்டு வாங்கி ஏறி நின்றுகொள்வாள். பல வருஷம் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அலைந்து, முதுகெலும்பு தேய்ந்து, ஒருவழியாகத் தன் சம்பாத்தியத்தில் ஒரு புதுக் கார் வாங்கினாள். அதை ஓட்டப் பழகியதும் அவளேதான்.

அந்தக் கார் அவளை என்ன பாடு படுத்தியது தெரியுமா? முன்னால் லாரி, பின்னால் பஸ், நடுவில் பாலத்தின் மேல் அவள். திடீரென்று டாஷ்போர்டு செத்துப்போகும். வேகம் தெரியாது, பெட்ரோல் தெரியாது. அடுத்த நிமிஷம் இருக்கிற சிவப்பு விளக்கு மொத்தமும் பளிச்சென்று எரிந்து, கீ கீயென்று கத்தும். ஓரம் கட்டுவதற்குள் எல்லாம் தானாகச் சரியாகி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும். இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே ஒரு முறை இருக்கிறது. வாசலிலேயே வாடிக்கையாளரை இறக்கிவிட வேண்டும். அவர்கள் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டு டிவி பார்க்க வேண்டும். கார் உள்ளே போய்விடும். டை கட்டின ஒரு தம்பி ஏறி, முழங்கால் இடிக்கிறதென்று சீட்டைப் படாரென்று பின்னால் தள்ளி, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தான்.

"ஒண்ணுமே இல்ல மேடம். வண்டி பக்காவா இருக்கு."

"அப்ப நான் பார்த்தது?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ பழைய எரர் இருந்துச்சு, அழிச்சுட்டேன். நீங்க தெரியாம பட்டன் எதையாவது அமுக்கியிருப்பீங்க."

கேட்டால் பற்றிக்கொண்டு வராதா? அடுத்த தடவை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "அப்ப லூஸ் கனெக்ஷனா இருந்திருக்கும். இப்ப சரியாயிடுச்சே" என்றான். அதற்கடுத்த தடவை கொஞ்சமும் கூசாமல், "சாரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க மேடம்" என்றான்.

சார் என்றால் அவள் வீட்டுக்காரர். குடிநீர் அலுவலகத்தில் வேலை, நல்ல மனுஷர், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். அவரும் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார். ஒரு விளக்கு? ஒரு சத்தம்? மூச்! அவ்வளவுதான், மனுஷருக்குத் தீர்ப்பு சொல்கிற தோரணை வந்துவிட்டது.

"நீ ஓட்டினா மட்டும்தாம்மா வருது. உனக்கு ஓட்டத் தெரியல, பயத்துல எதையாவது பண்ணிடுற. என் தம்பிகிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கிறான்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"உன் நல்லதுக்குத்தான். நான் ஆபீஸ் போற வழியில உன்னை இறக்கிவிட்டுட்டுப் போறேன்."

அவர் ஆபீஸ் போகிற நேரத்துக்கு எவன் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் காத்திருப்பான்? விடியும்போதே போய் நிற்க வேண்டிய வேலை அது. கார் போனால் பாதி வீடுகள் போயின. மறுபடி ஸ்கூட்டர் ஏற முதுகும் இடம் கொடுக்காது. அவள் வண்டியை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கொழுந்தனுக்குத் தாரை வார்த்தாகிவிட்டது. அந்தக் கொழுந்தன் மகாராஜன் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கினதில்லை.

மறுநாள் கடைசி வீட்டை முடித்து, ரத்தக் குப்பிகளை லேபில் சேர்த்துவிட்டு வருகிறாள். கடைத்தெருவில் டாஷ்போர்டு செத்தது. விளக்கெல்லாம் எரிந்தது. கீ கீ. இந்த முறை அவள் ஓரம் கட்டவில்லை. "வா, உன்னை இன்னிக்கு ஒரு வழி பண்றேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டி, வாசலில் கை காட்டினவனைத் தாண்டி, ரிப்பேர் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தாள்.

டை தம்பி ஓடி வந்தான். "மேடம், இங்கெல்லாம் வரக் கூடாது. இறங்குங்க, நான் உட்கார்ந்து பார்க்கிறேன்."

"இறங்க மாட்டேன்," என்றாள் மெல்ல. "நான் இறங்கினதும் சரியாயிடும். நான் இருக்கும்போதே பாரு."

"ஒரு தடவை ஆஃப் பண்ணி..."

"கை வச்சே, அவ்வளவுதான்."

மேனேஜர் வந்தார். கெஞ்சினார், ரூல்ஸ் பேசினார், காபி தரச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் அந்தப் புத்திசாலி செய்த காரியத்தைக் கேளுங்கள்: அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்! பொண்டாட்டியை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி!

அவர் அலுவலகத்திலிருந்து அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். "என்னம்மா இது, இறங்கு. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நீங்களும் பாருங்க."

பார்த்தார். அத்தனை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் மேனேஜர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் பேனட்டைத் திறந்து பார்த்தார், ஸ்டீயரிங்குக்கு அடியில் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கடைசியில் கதவருகே மண்டியிட்டு, "அக்கா, இடம் பத்தல. கொஞ்சம் சீட்டைப் பின்னால தள்ளுங்க" என்றார். தள்ளினாள்.

டாஷ்போர்டு உயிர் பெற்றது. கீ கீ நின்றது.

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்தார். "முன்னால இழுங்க." இழுத்தாள். செத்தது. "பின்னால." வந்தது. அவர் டார்ச்சை அடித்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். டாஷ்போர்டுக்குப் போகிற வயர் கட்டு சீட்டின் இரும்பில் மாட்டியிருந்தது. சீட் முழுசாக முன்னால் வந்து, வண்டியும் ஒரு குலுக்கல் குலுங்கினால் இழுபட்டுவிடும். இன்றைக்குத் தோலே உரிந்து கம்பி தெரிந்தது; குலுக்கல்கூடத் தேவைப்படவில்லை. இதுவரை சோதித்த நெட்டைக்கொக்குகள் அத்தனை பேரும் முதல் வேலையாகச் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் கோளாறைத் தேடியிருக்கிறார்கள்.

மேனேஜர் சிரித்தார், அவருக்கும் சிரிப்பு வந்தது பாருங்கள். "சின்ன விஷயம்தான் மேடம். அவசரத்துக்கு, சீட்டைக் கொஞ்சம் பின்னால வச்சே ஓட்டிக்கங்களேன்."

"பின்னால வச்சா பிரேக்கை யாரு மிதிப்பா, நீங்களா? வயரை மாத்துங்க. மாத்துற வரைக்கும் எனக்கு வேற வண்டி குடுங்க."

மேனேஜர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சாவி எடுக்க ஆள் அனுப்பினார். வீட்டுக்காரர் இடையில் புகுந்து, எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினார். "அதான் நான் அப்பவே சொன்னேனே, நீ ஓட்டினா மட்டும்தான் வருதுன்னு."

ஊசி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசி குத்துகிறவள் பார்வை. "உங்க தம்பிக்குப் போன் போடுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா..."

"இங்க வச்சுத்தான எனக்கு ஓட்டத் தெரியாதுங்கிற பேச்சே ஆரம்பிச்சுது. இங்கயே போடுங்க."

அவர் போட்டார். "டேய், நீ வர வேண்டாம்டா. வண்டி... அது வந்து... அவளே ஓட்டிக்கிறாளாம்."

"ஓட்டிக்கிறாளாமாவது!" என்றாள். "அவ சொன்னது சரி, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க."

மேனேஜரும் டை தம்பியும் எலக்ட்ரீஷியனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, போனைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். தம்பிக்குக் கேட்டிருக்கும்.

"எனக்குக் கேக்கல," என்றாள் ஊசி அக்கா.