வெற்றுப் பக்கம்

விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தின் பழைய மனுக்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலைக்குத் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள் அம்பிகா. குண்டூசிகளைப் பிடுங்கிவிட்டு, நூறு நூறு தாளாக மெஷினில் வைக்க வேண்டும். வெற்றுப் பக்கங்களைக் கம்ப்யூட்டரே தள்ளிவிடும்.

ஒரு மனுக்கட்டுக்குள் அவள் அப்பா பெரியசாமியின் மனு வந்தது. வீட்டுமனை கேட்டுத் தொண்ணூற்று நாலில் கொடுத்தது. மனை கிடைக்காமலே அவர் இறந்து ஆறு வருஷமாகிவிட்டது. மனுவை யாரும் பிரித்துப் பார்த்த அடையாளமே இல்லை. பின்பக்கத்தில் அப்பாவின் கைநாட்டு வெளிறிக் கிடந்தது. கம்ப்யூட்டர் அதை வெற்றுப் பக்கமென்று தள்ளியது. மூன்று முறை வைத்தும் அப்படித்தான்.

மேற்பார்வையாளர் நெடுஞ்செழியனிடம் ஓடினாள். "சார், இதுல எங்கப்பா கைநாட்டு இருக்குது. சேத்துக்கங்க சார்."

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருக்குதும்மா. ஆனா அந்த செட்டிங்க நான் மாத்த முடியாது. ஜல்தி அடுத்த கட்டப் போடு."

"தாளயாவது எடுத்துக்கினு போறேன் சார்."

"எண்ணிக்கை கொறையும்மா. ஸ்கேன் பண்ண தாள் எல்லாத்தயும் எண்ணி, பேப்பர் மில்லுக்கு அரைக்க அனுப்பணும்."

அம்பிகா கைநாட்டின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தாளைக் கட்டுக்குள் செருகிக் கட்டினாள். சனிக்கிழமை லாரி வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. அவளும் அம்மாவும் இன்னும் ஏரிப் புறம்போக்கில்தான் குடியிருந்தார்கள்.