மாவு மூட்டைத் துணியில் ஒரு கத்தி

ரப்பர்த் தோட்டப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், பெற்றோர் தினத்துக்கு மேடைத் திரையை நானே பிள்ளைகளை வைத்துச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அலோர் ஸ்டாரில் என் அண்ணன் கட்டட வரைபடங்களை நீலத்தில் நகலெடுக்கும் வேலையில் இருந்தார். அவரை நச்சரித்து அதற்கான மருந்தில் ஒரு புட்டி வாங்கி வந்திருந்தேன். அதைத் துணியில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். பிறகு மேலே ஏதாவது ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுக் கழுவினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். பாடாங் செராய் ரொட்டிக் கடையில் காலி மாவு மூட்டைகள் வாங்கி வெளுத்துப் பதினாறு சதுரம் வெட்டினேன். பதினாறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று; எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் திரை. அதற்குமேல் ஒரு கைக்குட்டைக்குக்கூட மருந்து இல்லை.

ரப்பர்த் தோட்டத்தில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, வெயிலுக்குப் பஞ்சம். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடல் ஒன்றுதான் திறந்த வெளி. பிள்ளைகள் அங்கே பலகைகளில் துணியைப் பொருத்தி, இலை, சீப்பு, வளையல், செம்பருத்தி என்று வைத்தார்கள். பதினைந்து துணிகள் நன்றாகவே வந்தன. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தன் பலகையைக் கோணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா பால் வெட்டுற கத்திய வெக்கணும் டீச்சர். அம்மா இன்னும் மரத்துலேருந்து வரல."

இது தலைமையாசிரியர் காதில் விழுந்தது. "தோட்டத்துத் தொர வந்து உக்காருற எடத்துல கத்தியா? ஒரு பூவ வெக்கச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் துரை சாப்பிடுவதும் அந்தக் கத்தியால்தானே. "பதிஞ்சு வரட்டும் சார். அப்புறம் சொல்லுங்க," என்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பூ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா அன்று இறக்கிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்தார். மகள் கத்தியை வாங்கித் துணியின் நடுவில் வைத்தாள். வைத்த மறுநிமிடம் புக்கிட் செலம்பாவ் பக்கம் வானம் இடித்தது.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. மழை வருவதுபோல் இருந்தால், யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் கொடியில் கிடக்கும் எல்லார் துணியையும் வாரிக்கொண்டு ஓட வேண்டும். யாருடையது என்று பார்ப்பதில்லை. இடிச் சத்தம் கேட்டதுமே அந்த அம்மா பலகையைத் தூக்கி இடுப்பில் இடுக்கினார். கத்தி விழாமல் வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. "அக்கா, நில்லுங்க. கைய எடுக்காதீங்க."

திடலின் பாதியிலேயே நின்றுவிட்டார். "மழ வருது டீச்சர்."

"வரட்டும்கா. இங்க இன்னும் வெயில் அடிக்குதுல்ல? கை பட்டது பட்டதுதான். இப்ப எடுத்தா எல்லாம் கலங்கிப் போயிடும். பலகைய வெயில் பக்கம் திருப்பி அப்படியே புடிச்சிக்குங்க."

பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றார். விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்துவிட்டு வந்த கால்கள். மகள் நிழல் விழாமல் ஒதுங்கி நின்று அம்மாவின் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது; ஆனாலும் போகச் சொல்லவில்லை.

முதல் தூறல் விழுந்தபோது துணியை வாளித் தண்ணீரில் முக்கினோம். மருந்தின் மஞ்சள் கரைந்து போக, நீலம் மேலே வந்தது. அதில் நுனி வளைந்த கத்தி, அதைப் பிடித்த கை, ஐந்து விரல்.

"என் கையா இது?" ரப்பர்க் கறை ஏறிக் கறுத்திருந்த தன் விரல்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். "இம்புட்டு வெள்ளையா இருக்கு," என்று சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. "இத ஓரமா எங்கயாச்சும் தச்சிடுங்க டீச்சர். எல்லாரும் பாப்பாங்க."

தலைமையாசிரியரும் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் வாயைத் திறக்குமுன் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டது.

"நடுவுல தைங்க டீச்சர். எல்லாரும் பாக்கட்டும். அது எங்கம்மா கை."

தலைமையாசிரியர் வாளியைத் தூக்கி மழை படாத இடத்தில் வைத்தார். நான் நடுவில்தான் தைத்தேன்.