சூப்பர்வைசர் பாத்திரம் தேய்த்த வாரம்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரின் குரல் கேட்டால் இயந்திரங்களே பயந்து சுற்றும். ஏவியே பழகிய வாய். அந்த வாய்தான் டச்சு வகுப்பில் மாட்டிக்கொண்டு முழித்தது.

நர்ஸ் வேலை கிடைத்து மனைவி மகளோடு நெதர்லாந்து போய்விட்டாள். அந்த ஊர் மொழியான டச்சில் பேச்சுத் தேர்வு தேறினால்தான் இவர் போய்ச் சேரமுடியும். முதல்முறை கோட்டை விட்டாயிற்று.

"செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லுங்க சார்," என்றாள் டீச்சர்.

நீ துடைக்க வேண்டும், நீ மடிக்க வேண்டும், நீ நேரத்துக்கு வர வேண்டும் என்று டச்சில் பொரிந்து தள்ளினார்.

"இலக்கணம் சரி. ஆனா கேள்வி உங்களைப் பத்தி. வீட்டுல நீங்க என்ன செய்யணும்?"

மனிதர் புத்தகத்தைப் புரட்டினார். சமைக்க வேண்டியதில்லை, பெருக்க வேண்டியதில்லை என்று சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்லியிருப்பார்.

அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அன்று அங்கே உட்காரவே முடியவில்லை.

"என்னடா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?"

விஷயத்தைக் கேட்டதும் அக்கா துடைப்பத்தை நீட்டினாள். "செய்யாத வேலை வாயில எப்படிடா வரும்? பிடி!"

நான் பெருக்க வேண்டும். நான் பாத்திரம் தேய்க்க வேண்டும். டச்சில் முணுமுணுத்தபடி குழாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவி போன் பேசும்போதெல்லாம் பின்னால் கேட்குமே, இதே சத்தம்! இரவு டியூட்டி முடித்து வந்தவள் ஒருநாளாவது உட்கார்ந்து பேசினாளா? அது என்ன சத்தம் என்று பாவி கேட்டதே இல்லையே! கண்ணீர் பொலபொலவென்று தொட்டியில் விழுந்தது.

தேர்வறையில் ஹெட்போனுக்குள் அதே கேள்வி வந்தது. பெருக்க வேண்டும், தேய்க்க வேண்டும், மகளுக்குத் தலை வார வேண்டும் என்று நேரம் முடியும்வரை பேசினார். கடைசியாக, "என் மனைவி தனியாகச் செய்ய வேண்டியதில்லை," என்றார். அப்படி ஒரு கேள்வியே வரவில்லை.

முடிவு வரும் நாளில் இருப்புக் கொள்ளாமல் அக்காவின் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது.

"கை ஈரம்க்கா. நீயே பாரு."

அக்கா பார்த்தாள். முகம் கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா?"

"பாஸுடா! ஓடாத, நில்லு. அந்த மூலைய யாரு தேய்ப்பா?"