தேயிலைக் கிட்டங்கியில் வெட்டிவேர்

தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் குடித்துவிடும். வெங்காய மூட்டைக்கு அருகில் ஒரு பெட்டி இரண்டு நாள் கிடந்தால், அது எந்தத் தேசத்தில் போய் இறங்கினாலும் அங்கே வெங்காயம் மணக்கும். ஆகவே திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த தேயிலைக் கிட்டங்கியில் ஒரு சட்டம் மிகக் கண்டிப்பானது. மணக்கிற எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. வாசனைச் சோப்பு, பூவெண்ணெய், பீடி, சுருட்டு, கருவாடு, நோவெண்ணெய் என்று தடுத்த சாமான்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினான்கு. வெட்டிவேர் அவற்றில் இல்லை. அதை வேலைக்குக் கொண்டுவர ஒருவனுக்கு என்ன தேவை என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தேவை இருந்தது.

நான் அங்கே பெட்டி எண்ணும் கிளாக்கர். கிட்டங்கி வாசலில் நின்று, தொழிலாளர்கள் தோளில் சுமந்து போகும் பெட்டிகளுக்குக் கோடு கீறுவேன். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதை அவற்றின் குறுக்கே சாய்க்க வேண்டும். இறங்குதுறை ஓரத்தில் கப்பல்காரரின் கிளாக்கர் நின்று, அதே பெட்டிகள் பாரப்படகில் இறங்கும்போது தன் பங்குக்கு எண்ணுவார். படகு நிறைந்ததும் இருவரும் தொகையை ஒப்பிடுவோம். சரியென்றால்தான் படகு குடாவில் நிற்கும் கப்பலுக்குப் போகும். ஒரு பெட்டி வித்தியாசம் வந்தாலும் படகு அசையாது.

அந்த ஆண்டு எனக்கு இரண்டு தடவை வித்தியாசம் வந்துவிட்டது. இரண்டிலும் பிழை என்னுடையது. இன்னொரு தடவை வந்தால் கணக்குப் பலகையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

வேலை போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த பதினொரு வீடுகளில் ஏழில் ஆண்கள் பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கதிரையில் குந்தியிருந்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கதிரைகள் மனதில் வரும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், பென்சில் வழுக்கும். இப்போது கீறியது நான்காவது கோடா, ஐந்தாவதா என்று ஒரு சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குள் இரண்டு பெட்டி என்னைத் தாண்டிப் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்த டாக்டர் இருதயத்தில் குறையில்லை என்றார். தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னார், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார், ஒரு குளிசையும் தந்தார். குளிசை பயத்தைத் தணித்தது உண்மை. ஆனால் நின்றபடியே கண் சொக்கியது. கண் சொக்கினால் பெட்டி எண்ண முடியாது. அவரிடமே திரும்பப் போய்ச் சொன்னேன். அப்படியானால் குளிசையை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள் என்றார்.

சாப்பாட்டை என் மனைவி கையில் எடுத்தாள். நான் நாளுக்கு ஒன்பது தடவை பால் விடாத பிளேன்ரீ குடிப்பவன். முதலாவது வெறும் வயிற்றில். அவள் அதை இரண்டாகக் குறைத்தாள். மிச்ச நேரத்துக்கு மல்லியும் நற்சீரகமும் அவித்த தண்ணீர். காலையில் குத்தரிசிக் கஞ்சி, மத்தியானம் வல்லாரைச் சம்பல், பின்னேரம் வாழைப்பழம், மூதூரிலிருந்து வரும் எருமைத் தயிர். பொழுது படுவதற்கு முன் இராச்சாப்பாடு முடிய வேண்டும். தேத்தண்ணியைக் குறைத்த முதல் நாட்களில் தலை வெடிக்கும்போல் இடித்தது. குசினிக்குப் போய்க் கேத்திலைத் தொட்டேன். அவள் திரும்பிப் பாராமலே சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, தேயிலையை எண்ணுறதுக்குத்தான் உங்களை வைச்சிருக்கினம். குடிச்சு முடிக்கிறதுக்கில்லை.”

தலையிடி போனது. ஒரு மாதத்துக்குள் நெஞ்சுப் படபடப்பும் பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதிக்கு அவள் வெட்டிவேர் வாங்கிவந்தாள். ஒரு பிடி வேரையும் காய்ந்த தேசிக்காய்த் தோலையும் ஒரு கறுவாப்பட்டையையும் மெல்லிய துணியில் முடிந்து தந்தாள். விடியற்காலையில் யன்னலோரம் இருந்து அதை முகர்வேன். வெட்டிவேர் தானாக வந்து மூக்கில் ஏறும் மணமல்ல. அவசரமாக இழுத்தால் ஒன்றும் கிடைக்காது. மெல்ல, நீளமாக, அடிவயிறு வரை இழுத்தால்தான் ஈரமண் வாசம் போல ஒன்று பிடிபடும். பத்துத் தடவை அப்படி இழுத்தால் தோள்கள் தாமாக இறங்கும். என்னைச் சுகப்படுத்தியது வேரா, அதற்காக நான் இழுத்த மூச்சா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியாது.

முடிச்சை நான் ஒருநாளும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் மனைவி மீன்பிடிக் கிராமமான சல்லியில் பிறந்தவள். கருவாடு காயும் கரையில் உடுப்புக்கு அந்த மணம் ஏறாமலிருக்க, அங்குள்ள பெண்கள் றங்குப்பெட்டிக்குள் வெட்டிவேர் போட்டு வைப்பார்களாம். வேலைக்கு முடிச்சைக் கொண்டுபோக முடியாமல் நான் தவிப்பதைப் பார்த்து, அவள் என் சட்டைகளுக்கு அடியில் வேரைப் பரப்பிவிட்டாள். எனக்குச் சொல்லவுமில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் அதே மணத்தோடு இருந்தவனுக்கு, தன் உடம்பில் அது இருப்பது எப்படித் தெரியும்?

பெரிய கப்பலொன்று வந்து நின்ற ஒரு காலையில் கிட்டங்கி வாசலில் மேற்பார்வையாளர் கையை நீட்டி என்னை மறித்தார். குனிந்து என் தோள்பக்கம் முகர்ந்தார்.

“என்ன பூசியிருக்கிறீர்?”

ஒன்றும் பூசவில்லை என்றேன். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. கப்பல்காரரின் கிளாக்கர், கிண்ணியாவைச் சேர்ந்தவர், என்னைவிட நான்கு வயது இளையவர், கிட்ட வந்து அவரும் முகர்ந்து பார்த்தார்.

“மச்சான், கலியாண வீட்டுக்குப் போற வழியில இஞ்ச ஏறிட்டீங்களோ?” என்றார்.

தொழிலாளர்கள் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. இந்தச் சட்டையோடு எத்தனை நாள் உள்ளே போனேன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான். அவர் உள்ளே போய், வாசலுக்கு அருகில் அடுக்கியிருந்த பெட்டிகளைச் சுற்றி முகர்ந்துவிட்டு வந்தார். நான் வாசற்படியில் அசையாமல் நின்றேன். பெட்டிகளில் ஒன்றும் ஏறவில்லை என்று அவர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எனக்குப் பதிலாக எண்ணக் கூடியவர் அன்று குச்சவெளியில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். கப்பல் காத்திருக்காது. மேற்பார்வையாளர் என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். சட்டையைக் கழற்றி, சோப்பில்லாமல் கழுத்தும் கையும் தேய்த்துக் கழுவினேன். கிட்டங்கிக்குள் ஆணியில் நெடுங்காலமாகத் தொங்கிய காக்கிச் சட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் தேயிலை மணத்தைத் தவிர வேறு மணமில்லை. எனக்கு அது இரண்டு அளவு பெரிது.

“இண்டைக்கு வித்தியாசம் வந்தால் நான் ஒண்டும் செய்ய ஏலாது, கண்டீரோ,” என்றார்.

முதற்படகுக்குப் பெட்டிகள் வரத் தொடங்கின. நெஞ்சு பழையபடி அடித்தது. குடிப்பதற்கு மல்லித்தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. அதிலும் மணம் இருக்கும் என்று மேற்பார்வையாளர் வெளியே வைப்பித்துவிட்டார். பென்சில் வழுக்கியது. அப்போது நான் செய்த காரியம் யோசித்துச் செய்ததல்ல. ஐந்தாவது கோட்டைச் சாய்க்கும்போது, மூக்கின் முன் முடிச்சு இருப்பதுபோல ஒரு நீள மூச்சு இழுத்தேன். நான்கு கோட்டுக்கு மூச்சை விட்டேன். மறுபடி ஐந்தாவதில் இழுத்தேன். பெட்டிகளின் நடைக்கும் என் மூச்சுக்கும் ஒரு தாளம் அமைந்தது. முதற்படகு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி.

நான்காவது படகில் நான் இருநூற்று நாற்பது. கிண்ணியாக்காரர் இருநூற்று முப்பத்தொன்பது.

மேற்பார்வையாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முந்திய இரண்டு தடவையும் நான் உடனே என் பிழை என்று சொல்லிவிட்டிருந்தேன்; அது உண்மையாகவும் இருந்தது. இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு கோட்டைக் குறைத்தால் படகு போய்விடும், என் வேலையும் அதோடு போய்விடும். படகிலுள்ள அடுக்கைப் பிரித்து எண்ணச் சொல்லிப் பிழை என்னுடையதென்றால், அவ்வளவு பேரையும் வெயிலில் வைத்துக் கெடுத்தவன் என்ற பேரும் சேரும்.

“நீர் உம்மடை கணக்கிலை நிக்கிறீரா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

என் தாளைப் பார்த்தேன். குறுக்குக் கோடுகளை எண்ணினேன், நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. எந்த இடத்திலும் மூச்சு இடறியதாக எனக்கு நினைவில்லை.

“நிக்கிறன், ஐயா.”

படகுக்குள் இறங்கி அடுக்கு அடுக்காக எண்ணினார்கள். அது அரைமணித்தியாலமா அதற்கு மேலா என்று தெரியாது. வெயில் காக்கிச் சட்டைக்குள் புகுந்து முதுகில் ஓடியது. கீழேயிருந்து மேற்பார்வையாளரின் குரல் வந்தது. இருநூற்று நாற்பது. கிண்ணியாக்காரர் தன் தாளில் ஒரு கோடு சேர்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

“உங்கட சட்டையை நினைச்சுச் சிரிச்சதில ஒண்டு தவறிப் போச்சு, மச்சான்,” என்றார்.

பிழை அவருடையது. அவருக்கு அது முதலாவது, அதனால் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒரு கட்டை மீது குந்திவிட்டேன். மேற்பார்வையாளர் என்னைக் கடந்து போகும்போது, காக்கிச் சட்டை இனி உமக்கு, வந்தவுடன் மாற்றிக்கொள்ளும், உம்முடையதை வெளியே காவற்காரரிடம் விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி றங்குப்பெட்டியைத் திறந்து, வேரை எல்லாம் அள்ளி வெளியே போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கிடக்கட்டும், வேலைச்சட்டை இப்போது வேறு என்றேன். அவள் வேரைப் பழையபடி பரப்பினாள்.

அதன்பிறகு நான் ஓய்வுபெறும் வரை பின்னேரங்களில் காவற்காரரிடமிருந்து என் சட்டையை வாங்கி அணியும்போது ஒரு நீள மூச்சு இழுப்பேன். மல்லித்தண்ணீரும் நேரத்துச் சாப்பாடும் இன்றும் நடக்கின்றன. மூன்றாவது வித்தியாசம் என் கணக்கில் வரவேயில்லை. நாளைக்கு வரும் என்று கடைசி நாள்வரை பயந்துகொண்டுதான் போனேன். பயந்தபடியே எண்ணி முடித்தேன்.